சமக்குறிக்கு இந்தப் பக்கம்

பதினொன்றாம் வகுப்பில் நான் கண்டுபிடித்த புவியீர்ப்பு முடுக்கத்தின் மதிப்பு 10.94. புத்தகத்தில் 9.8. சார் என் அப்சர்வேஷன் நோட்டைப் பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் 9.8தான் வரும், அழிச்சிட்டு எழுதிட்டு வா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. முப்பத்தெட்டுப் பேருக்கு ஆறு ஸ்டாண்டு, இரண்டு ஸ்டாப் கிளாக். அவருக்கும் மணியடிப்பதற்குள் ரெக்கார்டு நோட்டுகளில் கையெழுத்துப் போட்டு முடிக்க வேண்டும்.

அழிப்பது சுலபம். பக்கத்தில் இருந்தவள் கற்றுக்கொடுத்தாள்: விடையை முதலில் எழுது, அதற்குத் தக்கபடி நேரத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு நிரப்பு. அவள் நோட்டில் ஆறு நீளத்துக்கும் 9.8, 9.81, 9.79 என்று அழகாக வந்திருந்தது. நானும் அப்படிச் செய்திருப்பேன். செய்யாததற்கு நேர்மை காரணமில்லை. பின்னாலிருந்து போடத் தெரியவில்லை, அவ்வளவுதான். சமன்பாட்டைத் திருப்பத் தெரிந்தவளுக்குத்தானே பொய்யும் எழுத வரும்.

எங்கள் ஊர் ஆலங்குளம். தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் இல்லை. ராஜபாளையத்திலிருந்து சத்திரப்பட்டி வழியாக வரும் ஆலங்குளம், அரசு சிமெண்ட் ஆலை இருக்கும் ஊர். அப்பா லாரி ஓட்டினார். அம்மா வீட்டில் தார் சுற்றினாள். சத்திரப்பட்டி பக்கம் விசைத்தறிகளில் ஓடுவது சேலையோ வேட்டியோ அல்ல, காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி. அதற்கான நூல் எங்கள் திண்ணையில் எப்போதும் கிடக்கும். அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். பத்தாம் வகுப்பில் 412 மார்க் எடுத்தவள். 2004இல் கோயம்புத்தூர் பக்கம் ஒரு நூற்பாலைக்கு அனுப்பப்பட்டாள். நான் பதினொன்றாம் வகுப்பு சேரும்போது திரும்பி வந்து வீட்டில் இருந்தாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

தனி ஊசல் சோதனை தெரியாதவர்களுக்காக: ஒரு நூலில் சின்னக் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு லேசாக இழுத்து விட்டால் ஆடும். ஒருமுறை போய்த் திரும்பி வருவது ஓர் அலைவு. அதற்கு ஆகும் நேரம் டி. நூலின் நீளம் எல். புவியீர்ப்பு முடுக்கம் ஜி. மூன்றையும் இணைக்கும் சமன்பாடு:

டி = 2 × பை × √(எல் ÷ ஜி)

வகுப்பில் இதை ஒப்பிக்கும்போது "டி ஈக்குவல் டூ டூ பை ரூட் எல் பை ஜி" என்போம். இதில் முதல் பை 3.14. இரண்டாவது பை வகுத்தல். ரெண்டுக்கும் தமிழ் வாயில் ஒரே சத்தம். "டூ பை" என்றால் இரண்டை எதனாலோ வகுக்கச் சொல்கிறார்கள் என்று நான் ஒரு மாதம் நினைத்திருந்தேன். கேட்க வெட்கம். வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்திருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது.

டியை அளக்கலாம், கடிகாரம் இருக்கிறது. எல்லை அளக்கலாம், ஸ்கேல் இருக்கிறது. ஜியை அளக்க எந்தக் கருவியும் எங்கள் ஆய்வகத்தில் இல்லை. அது வர்க்கமூலத்துக்குள்ளே, அதுவும் வகுத்தல் கோட்டுக்குக் கீழே, பரணில் எங்கோ வைத்து மறந்த பாத்திரம் மாதிரி கிடக்கிறது. அதை வெளியே எடுத்துச் சமக்குறிக்கு இந்தப் பக்கம் தனியாக நிறுத்த வேண்டும். "அந்தப் பக்கம் போனா கூட்டல் கழித்தல் ஆகும், பெருக்கல் வகுத்தல் ஆகும்" என்று ஏழாம் வகுப்பிலிருந்து சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஏன் ஆகும் என்று யாரும் சொன்னதில்லை. அம்மா ஒருநாள் அதைக் கேட்டுவிட்டு, "பொம்பளப் பிள்ளை கதைதான். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனா இனிஷியல் மாறுதுல்ல" என்று சிரித்தாள்.

உண்மையில் எதுவும் எந்தப் பக்கமும் போவதில்லை. சமன்பாடு ஒரு தராசு. இரண்டு தட்டிலும் ஒரே காரியத்தைச் செய்தால் முள் நடுவில் நிற்கும். இரண்டு பக்கத்தையும் வர்க்கப்படுத்து: டி² = 4 × பை² × எல் ÷ ஜி. மூலக்குறி போய்விட்டது. இரண்டு பக்கத்தையும் ஜியால் பெருக்கு: ஜி × டி² = 4 × பை² × எல். ஜி மேலே வந்துவிட்டது. இரண்டு பக்கத்தையும் டி²ஆல் வகு:

ஜி = 4 × பை² × எல் ÷ டி²

இதில் 4 × பை² என்பது 39.48. நீளம் ஒரு மீட்டர், அலைவு நேரம் 2 வினாடி என்றால் 39.48ஐ 4ஆல் வகுக்க வேண்டும். 9.87. மூன்றே வரி. ஆனால் ஒவ்வொரு வரியிலும் "இப்போது எது ஜியை மூடிக்கொண்டிருக்கிறது?" என்று கேட்டு, கடைசியாக மூடியதை முதலில் எடுக்க வேண்டும். புடவை மேல் சால்வை போர்த்தியிருந்தால் சால்வையைத்தானே முதலில் எடுப்போம். என் மாணவிகளுக்கு இப்போது இப்படித்தான் சொல்கிறேன்.

எனக்கு இதைப் புரியவைத்தது சார் இல்லை, கைடு இல்லை. கல்லூரியில் என்னோடு படித்த ஒருத்தி. எங்கள் மாவட்டத்து அகதி முகாமில் வளர்ந்தவள். அவளுடைய பெரியம்மா மகள் வவுனியாவில் படித்த பழைய கணக்கு நோட்டு ஒன்றை வைத்திருந்தாள். அதில் "ஜியைத் தனியாக எடு" என்று இருக்காது. "ஜியை எழுவாயாக்குக" என்று இருக்கும். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று தமிழ் இரண்டாம் தாளில் படித்த அதே எழுவாய். "ராமன் மரத்தை வெட்டினான்" என்ற வாக்கியத்தைத் தவிர வேறெங்கும் அந்தச் சொல் எனக்கு உதவும் என்று நான் நினைத்ததில்லை.

ஆனால் இதெல்லாம் பிறகு. 2007இல் என்னிடம் இருந்தது 10.94தான்.

அன்று சாயங்காலம் அக்காதான் கேட்டாள், ஏன் மூஞ்சி இப்படி இருக்கிறது என்று. சொன்னேன். "செஞ்சு காட்டு" என்றாள். அப்பாவின் லாரி டூல்ஸ் பையிலிருந்து ஒரு நட்டு, அம்மாவின் தார்க்கட்டையிலிருந்து நூல் நாலு பிரியாக, திண்ணை விட்டத்தில் ஓர் ஆணி. ஆணியிலிருந்து நட்டின் நடு வரைக்கும் டேப்பில் ஒரு மீட்டர். பக்கத்து வீட்டு அண்ணனின் நோக்கியா போனில் ஸ்டாப் வாட்ச். நட்டை இழுத்து விட்டேன். "ஒண்ணு" என்று சொல்லி எண்ண ஆரம்பித்தேன்.

"நில்லு" என்றாள். "அதுக்குள்ள என்ன ஒண்ணு? அது இன்னும் போய்த் திரும்பவே இல்லையே. விடும்போது சுழியம். திரும்பி வந்தாத்தான் ஒண்ணு. ராப் ரீல் முள்ளைச் சுழியத்துல வெச்சுட்டுத்தான் சுத்தணும்னு எனக்கு மொத நாளே சொல்லிட்டாங்க. நீ எண்ணுன இருபதுல பத்தொம்பதுதான் இருக்கு."

அவள் சொன்னது சரி. பத்தொன்பது அலைவுக்கு ஆன 38 வினாடியை நான் இருபதால் வகுத்திருக்கிறேன். டி 1.9 ஆகிவிட்டது. அது வர்க்கமாகிக் கீழே உட்கார்ந்திருப்பதால் சின்னத் தப்பு இரண்டு மடங்காகி, ஜி 10.94க்குப் போய்விட்டது. இருவரும் சேர்ந்து ஐம்பது அலைவு எண்ணினோம், சுழியத்திலிருந்து. 100.5 வினாடி. டி 2.01. ஜி 9.77.

ராப் ரீல் என்று அவள் சொன்னதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மில்லில் முதல் வருடம் ஸ்பின்னிங்கில் இருந்தாள். பத்தாம் வகுப்பு பாஸ் என்பதால் பிறகு குவாலிட்டி லேபில் போட்டார்கள். நூலின் கவுண்ட் சரியாக வருகிறதா என்று பார்க்கும் வேலை. ஒன்றரை கெஜம் சுற்றளவுள்ள சக்கரத்தில் நூலை 80 சுற்று சுற்றினால் 120 கெஜம். அதற்குப் பெயர் லீ. அந்த லீயை எடை போட்டு, 64.8ஐ அந்தக் கிராமால் வகுத்தால் கவுண்ட். எடை 1.62 கிராம் என்றால் நாற்பதாம் நம்பர் நூல். மேஸ்திரி தலைகீழாகவும் கேட்பாராம்: "அறுபதாம் நம்பர் ஓடுது, லீ எவ்வளவு இருக்கணும்?" அக்கா யோசிக்காமல் சொல்வாள், 1.08. நீளம் தெரிந்தால், எடை தெரிந்தால், கவுண்ட் தெரிந்தால் என்று எந்த இரண்டைக் கொடுத்தாலும் மூன்றாவதை எடுப்பாள். அதற்கு இயற்கணிதம் என்று பெயர் என்பது அவளுக்குத் தெரியாது. எனக்கும் அன்றுவரை தெரியாது. நான் அதைப் புத்தகத்தில் இருப்பது என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் 9.77ஐ எழுதிக்கொண்டு போனேன். சார் பார்த்தார், 50 அலைவு எண்ணியதையும் பார்த்தார், "பரவால்லயே" என்று கையெழுத்துப் போட்டார்.

பல வருடம் கழித்து எம்.எஸ்ஸி. படிக்கும்போதுதான் அந்த 9.77க்கு இன்னொரு அர்த்தம் இருப்பது தெரிந்தது. ஜி எல்லா ஊருக்கும் ஒன்றல்ல. பூமி நடுவில் சற்றே பருத்துச் சுழல்வதால் நிலநடுக்கோட்டுப் பக்கம் குறைவு, துருவப் பக்கம் அதிகம். 1672இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரத்தைத் தென் அமெரிக்காவின் கயேனுக்குக் கொண்டுபோனார். அங்கே அது நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஊசலின் நீளத்தைக் குறைத்துத்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. 1821இல் சென்னை வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் இதே வேலையைச் செய்தார். ஒரு பக்கம் போக ஒரு வினாடி எடுக்கும் ஊசல் சென்னையில் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று அளந்தார். 39 அங்குலத்துக்குச் சற்று மேல், லண்டனைவிடக் குறைவு. அதைத் திருப்பிப் போட்டால் சென்னையின் ஜி 9.78. லண்டனில் 9.81. ஏட்டில் இருக்கும் 9.80665 என்பது 1901இல் பாரிசில் கூடிய எடை அளவை மாநாடு எல்லோருக்கும் பொதுவாக வைத்துக்கொண்ட எண். கிட்டத்தட்ட 45 பாகை அட்சரேகையின் மதிப்பு. ஆலங்குளம் 9 பாகைச் சொச்சத்தில் இருக்கிறது. இங்கே 9.78.

நட்டும் தார் நூலும் வைத்து அவ்வளவு கிட்டத்தில் வந்ததில் அதிர்ஷ்டமும் உண்டு. டேப் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் கடைசி இலக்கம் மாறிவிடும். ஆனாலும் "எல்லாருக்கும் 9.8தான் வரும்" என்றதில் அந்த எல்லாரில் நாங்கள் கொஞ்சம் தள்ளித்தான் இருந்தோம் என்பதை நினைத்துக்கொள்வேன்.

அன்னா மணியைப் பற்றிப் படித்ததும் அப்போதுதான். 1918இல் பீர்மேட்டில் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஹானர்ஸ், பெங்களூரில் ராமனின் ஆய்வகத்தில் வைரத்தின் ஒளிர்தலை அளந்தவர். 1945இல் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். எம்.எஸ்ஸி. இல்லை என்று டாக்டர் பட்டம் தரவில்லை. அவர் லண்டனுக்குப் போய் வானிலைக் கருவிகள் படித்துத் திரும்பி வந்து, வானிலைத் துறையில் சூரியக் கதிர்வீச்சையும் காற்றையும் அளக்கும் கருவிகளை இந்த நாட்டிலேயே செய்ய வைத்தார். தப்பாக அளப்பதைவிட அளக்காமலே இருக்கலாம் என்ற பிடிவாதம் உள்ளவர். அக்காவும் ராப் ரீல் முள்ளும் எனக்கு நினைவுக்கு வராமல் இருக்குமா?

இனி அக்கா கதை.

நூலில் ஆடிய நட்டை அவிழ்த்து வைத்த அன்று ராத்திரி அவள் கேட்டாள்: "அந்த ஜியை இழுத்து வெளியே எடுத்தேல்ல, அதே மாதிரி எனக்கு ஒண்ணு எடுத்துக் குடு. ஒரு மணி நேரத்துக்கு எனக்கு எவ்வளவு விழுந்துச்சுன்னு."

ஏஜென்ட் கொண்டுவந்த நோட்டீசில் இப்படி இருந்தது: மூன்று வருடம், தினம் 40 ரூபாய், அதில் சாப்பாட்டுக்கு 15 பிடித்தம், முடித்து வரும்போது திருமணச் செலவுக்கு மொத்தமாக 30,000. இந்த ஏற்பாட்டுக்குச் சுமங்கலித் திட்டம் என்று பெயர். அந்தப் பெயரே ஒரு பாதிக் கணக்கு. பதினாறு வயதுப் பெண் எதற்காக உழைக்கிறாள் என்பதை அவளைக் கேட்காமலே முடித்துவிட்ட பெயர். எங்கள் தெருவிலிருந்து மட்டும் ஐந்து பேர் போனார்கள்.

அக்காவுக்கு 34 மாதம் முடிந்தபோது மஞ்சள் காமாலை வந்தது. வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு மாதம் கழித்துப் போனால், தொடர்ச்சி விட்டுப்போச்சு, மொத்தப் பணம் கிடையாது என்றார்கள். அப்பா மூன்று தடவை போய் நின்று 12,000 வாங்கி வந்தார். வீட்டில் அதை வெற்றி என்றுதான் பேசினோம்.

நான் நோட்டைத் திறந்தேன். வந்த பணம் சமம் நாள் பெருக்கல் ஒரு நாளின் மணி பெருக்கல் ஒரு மணியின் கூலி. கூலியைத் தனியாக எடுக்க வேண்டும். மாதம் 26 நாள் என்று 884 நாள். "ஒரு நாளுக்கு எத்தனை மணி?" என்று கேட்டேன். எட்டு மணி ஷிஃப்ட் என்றுதான் எங்களுக்கெல்லாம் தெரியும்.

அக்கா பேசாமல் இருந்தாள். பிறகு, "பன்னெண்டு போட்டுக்க" என்றாள். "சில நாள் பதினாறு. சில நாள் எட்டோட விட்டுருவாங்க. பன்னெண்டு போடு."

அம்மா அப்போதுதான் தார் ராட்டையை நிறுத்தினாள். மூன்று வருடமாக அவளுக்கும் அது தெரியாது.

884 × 12 = 10,608 மணி. சாப்பாட்டுப் பிடித்தத்தையும் சேர்த்தே போடு என்றாள் அக்கா, "சாப்பிட்டேன்ல, அதை விடக் கூடாது." 884 × 40 = 35,360. அதோடு 12,000. ஆக 47,360. வகுத்தால் ஒரு மணிக்கு 4 ரூபாய் 46 காசு. சொன்னபடியே மூன்று வருடமும் முடித்து 30,000 வாங்கியிருந்தால் எவ்வளவு என்றும் கேட்டாள். மாதம் 26 நாளும் பன்னிரண்டு மணியும் வைத்தே போட்டேன். 67,440 வகுத்தல் 11,232. ஆறு ரூபாய்.

நான் எதிர்பார்த்தது அவள் 4.46ஐப் பார்த்து அழுவாள் என்று. அவள் அந்த ஆறு ரூபாயைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். காமாலை வந்ததால்தான் நஷ்டம், தன் உடம்பு சரியில்லாததால்தான் வீட்டுக்குப் பணம் குறைந்தது என்று அதுவரை நினைத்திருந்தாளாம். "முழுசா முடிச்சிருந்தாலும் ஆறுதானா" என்றாள். "அப்போ காமாலை எடுத்துட்டுப் போனது ஒண்ணரை ரூவாதான்."

அந்த நோட்டீசை இன்றும் வைத்திருக்கிறேன். அதில் வருடம் இருக்கிறது, நாள் கூலி இருக்கிறது, பிடித்தம் இருக்கிறது, மொத்தத் தொகை பெரிய எழுத்தில் இருக்கிறது. மணி என்ற சொல் எங்கேயும் இல்லை. சமன்பாட்டில் இல்லாத ஒன்றை எந்த வித்தை தெரிந்தவளும் தனியாக எடுக்க முடியாது. ஊசல் சமன்பாட்டிலும் ஒன்று இருக்காது: குண்டின் எடை. இரும்பு நட்டானாலும் பித்தளைக் குண்டானாலும் அலைவு நேரம் ஒன்றே. அங்கே எடை இல்லாதது இயற்கையின் கணக்கு. இழுக்கும் விசையிலும் அது இருக்கிறது, அசையாமல் முரண்டு பிடிப்பதிலும் அது இருக்கிறது, இரண்டும் அடிபட்டுப் போகின்றன. நோட்டீசில் மணி அடிபட்டுப் போகவில்லை. அதை எழுதவே இல்லை. இரண்டு விதமான இல்லாமையும் தாளில் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு எழுத்தைக் காணோம் என்றால் அது ஏன் இல்லை என்று கேட்க வேண்டும் என்பதை நான் வகுப்பில் ஊசலை வைத்துத்தான் சொல்கிறேன். நோட்டீசை வைத்துச் சொல்லவும் ஆசை உண்டு, பாடத்திட்டத்தில் இடமில்லை.

அக்கா பிறகு சத்திரப்பட்டியில் ஒரு பேண்டேஜ் யூனிட்டில் சேர்ந்தாள். கல்யாணம், இரண்டு பிள்ளைகள். எங்கே வேலைக்குப் போனாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "மணிக்கு எவ்வளவு?" பீஸ் ரேட் என்பார்கள். "சரி, ஒரு மணிக்கு எத்தனை பீஸ் ஓடும்?" என்பாள். இதனால் இரண்டு இடத்தில் அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதம், எதிர்வீட்டுப் பெண்ணைக் கேட்டு ஒருவர் வந்திருந்தார். இப்போது பெயர்கள் மாறிவிட்டன. சுமங்கலி என்று யாரும் சொல்வதில்லை. ஹாஸ்டல் உண்டு, படித்துக்கொண்டே வேலை என்றார். அக்கா ஊருக்கு வந்திருந்தாள். போய்த் திண்ணையில் உட்கார்ந்தாள். அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிங்கண்ணே, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்னு மட்டும் இந்த நோட்டீஸ்லயே எழுதிக் குடுத்துருங்க" என்று என் சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்து நீட்டினாள். ஷிஃப்ட் முறைதான்மா, அதெல்லாம் சட்டப்படிதான் என்றார். "அதையே எழுதுங்க" என்றாள். கம்பெனியில் கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர் திரும்பி வரவில்லை.

அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு அக்கா மேல் ஒரு வருடம் கோபம் இருந்தது. வந்த வாய்ப்பைக் கெடுத்துவிட்டாள் என்று. அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது. வீட்டில் கடன் இருந்தது, அதைக் கட்ட எங்களால் முடியவில்லை. அவர் பிறகு பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனார். பெண் படித்தாள். இயற்பியல் அல்ல, காமர்ஸ். கணக்கு நோட்டோடு அவ்வப்போது என்னிடம் வருவாள். வட்டி வீதத்தைத் தனியாக எடுப்பதில்தான் அவளுக்குத் தடுமாற்றம்.